ஆண்டி கேட்ட வார்த்தை

நியூசிலாந்தில் என் தம்பிக்குப் பெயர் ஆண்டி. அப்பா வைத்தது முனியாண்டி. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே ஓடையோரம் நிற்கிற முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை அவன். வெள்ளைக்காரர்கள் சாமியைக் கழற்றிவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி சிவசாமி, தம்பி அனுப்பிய நோட்டீசை மேசைமேல் விரித்து, “ஆண்டி ஃபார் மேயர்” என்று சத்தமாக வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்ததா, பற்றிக்கொண்டு வந்ததா என்று இப்போதும் தெரியவில்லை. ஓர் ஊரை ஆளப்போகிறவனுக்கு வேறு பெயரே அகப்படவில்லையா?

“அங்க ஆண்டின்னா நல்ல பேருதான் லா, ரஞ்சிதம். துரைமாருங்களுக்கே இருக்கும்” என்றார் கிராணி.

“துரைக்கு இருக்கலாம் ஐயா. பங்களாவுல இருக்கறவன் ஆண்டின்னு வச்சிக்கிட்டா யாரும் நம்பப் போறதில்ல. லயத்துல பொறந்தவனுக்கு எதுக்கு அந்தப் பேரு?”

கிராணி சிரித்தார். அது எண்பத்தாறாம் வருஷம், மழை பிடித்துக்கொண்டிருந்த மாதம். தோட்டத்துக்கு வருகிற தபால் எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும். மலை ஏறி வருவதற்குள் பார்சலின் ஒரு மூலை நனைந்து கிழிந்திருந்தது. உள்ளே தம்பியின் படம் போட்ட நோட்டீஸ் ஒன்று, கேசட் இரண்டு. ஒன்று அவன் பேசிய கேசட், இன்னொன்று காலி. நோட்டீஸ் படத்தில் அவன் கோட்டும் கழுத்துப் பட்டையும் போட்டுக்கொண்டு சிரித்தான். முன்பக்கம் முடி கொட்டிவிட்டது. அப்பாவுக்கும் அப்படித்தான் கொட்டியது.

“மேயர்ன்னா என்னங்கய்யா?”

“ஊருக்குத் தலைவர். ரோடு, தண்ணி, குப்பை, தெரு வெளக்கு எல்லாம் அவரு பொறுப்பு. நம்ம நாட்டுல மேலேருந்து வைப்பாங்க. அங்க ஜனங்க ஓட்டுப் போட்டு வைப்பாங்க. உன் தம்பி ஊரு யூனிவர்சிட்டி டவுன். பெரிய படிப்புப் படிக்கிற ஊரு.”

எனக்குத் தெரிந்த டவுன் தானா ராத்தா ஒன்றுதான். அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, பஸ் நிற்கிற இடம் இருக்கிறது, சனிக்கிழமை கோழி வாங்கப் போவோம். அதில் நாலில் ஒரு பங்கைக்கூட நான் முழுதாக நடந்து பார்த்ததில்லை. தம்பி ஓர் ஊர் முழுவதையும் கேட்கிறான்.

அவனை வளர்த்தது நான். அம்மா அவன் தவழும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுக்க ஓடுவதற்குமுன் அவனை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலை ஏறுவேன். மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு ஓடிவந்து சோறு ஊட்டுவேன். என்னைப் பெண்பார்க்க வந்தவர்கள் எல்லாம், கல்யாணத்துக்குப் பிறகு தம்பியை யார் பார்ப்பது என்று கேட்டார்கள். நானும் அவர்களையே அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் அதற்காக அழவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. வேலை இருந்தது.

படிப்பு அவனுக்கு நன்றாக வந்தது. தானா ராத்தாவில் படித்தான், ஈப்போவில் படித்தான், கடைசியில் கவர்மெண்டே பணம் கொடுத்து விமானத்தில் ஏற்றிவிட்டது. கிளம்புகிற அன்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான். “நான் அங்க ஒரு வீடு வாங்குன ஒடனே நீ எங்கூட வந்துரு அக்கா. இந்தக் குளுருலயே இருந்து சாகாதே.” அங்கே இதைவிடக் குளிர் என்பது அவனுக்கும் அப்போது தெரியாது, எனக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்தான், அப்பாவின் கருமாதிக்கு. கூட ஒரு வெள்ளைக்காரப் பெண்டாட்டி. நல்ல பெண், பொய் சொல்லக் கூடாது. என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. லயத்துக் கக்கூசுக்கு அவளால் போக முடியவில்லை என்று இருவரும் தானா ராத்தாவில் ரெஸ்ட் ஹவுஸ் எடுத்துத் தங்கினார்கள். பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, “போயிட்டு வரேன்க்கா” என்றான். “போயிட்டு வா” என்றேன். அது எழுபத்து மூன்றாம் வருஷம். பிறகு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஆடு படம் போட்ட அட்டை வந்தது. அங்கே ஆளைவிட ஆடு அதிகம் போலிருக்கிறது.

எனக்கு அடுத்த தை வந்தால் ஐம்பத்தைந்து முடிகிறது. தோட்டத்துச் சட்டம் எல்லோருக்கும் தெரியும். வேலையில் இருக்கிறவரை வீடு, வேலை முடிந்தால் சாவி ஆபீசுக்குப் போய்விடும். பிள்ளை குட்டி தோட்டத்தில் வேலை செய்தால் அவர்கள் பேருக்கு மாற்றி அதே வீட்டில் ஓட்டிக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி இல்லை. பக்கத்து வீட்டு வேலம்மா, கியா பார்மில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் காய்கறித் தோட்டத்தில் கோபீஸ் தரம் பிரிக்கும் வேலை இருக்கிறது, கொட்டகைக்குப் பின்னால் படுத்துக்கொள்ளப் பலகை அறையும் தருவார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். “பாப்போம்டி” என்று சொல்லி வைத்தேன். என் மனதில் வேறொன்று இருந்தது. அதை மறைப்பானேன். தம்பி என்னைக் கூப்பிடுவான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு எந்த வருஷம் ஐம்பத்தைந்து என்று அவனுக்குத் தெரியாதா? தோட்டத்துச் சட்டம் தெரியாதா? இந்த லயத்தில் பிறந்தவன்தானே.

அதனால் கேசட் என்றதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுதினால் யாராவது படித்துச் சொல்ல வேண்டும், அதனால்தான் வாயால் சொல்லி அனுப்பியிருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

கிராணி வீட்டில்தான் கேசட் போடுகிற ரேடியோ இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். அவருடைய சம்சாரம் மகள் பிரசவத்துக்காக ஈப்போ போயிருந்தாள். கிராணி நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். நான் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். பொத்தானை அமுக்கினார்.

“அக்கா, நல்லா இருக்கீங்களா? நான் முனியாண்டி பேசுறேன்.”

அவன் குரல்தான். ஆனால், இருக்கீங்களா? எங்கள் லயத்தில் கூடப்பிறந்த அக்காவை யாரும் நீங்க என்று சொல்வதில்லை. துரையைச் சொல்வோம், ஆஸ்பத்திரி டிரசரைச் சொல்வோம், பூசாரியைச் சொல்வோம். வெளிநாட்டில் மரியாதை கற்றுக்கொண்டிருக்கிறான் என்று கிராணி மெச்சிக்கொண்டார். எனக்கு யாரோ என்னை ஒரு முழம் தள்ளி உட்கார வைத்தது மாதிரி இருந்தது. சரி, மெஷினில் பேசுகிறான், கூச்சமாக இருக்கும் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அவன் பேசினான். நிறையப் பேசினான். நடுநடுவே தமிழ் வார்த்தை கிடைக்காமல் இங்கிலீஷில் விழுந்து, மறுபடி தட்டுத் தடுமாறி எழுந்து வந்தான்.

“இந்த ஊர்ல யூனிவர்சிட்டி மேட்டுல இருக்கு அக்கா, ஊரு பள்ளத்துல இருக்கு. நம்ம பங்களாவும் லயமும் மாதிரி. மேல இருக்கறவங்க சாமான் வாங்க மட்டும் கீழ வருவாங்க. கீழ இருக்கறவங்க கூட்டிப் பெருக்க மட்டும் மேல போவாங்க. ஒருத்தர ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. நான் மேயர் ஆனா மொதல்ல அந்த மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல பஸ் விடுவேன். அங்க இருக்கிற லைப்ரரிய ஊர் ஆளுங்களுக்கும் தொறந்து விடச் சொல்லுவேன்.”

“கேட்டியா ரஞ்சிதம்? பேச்சப் பாரு” என்றார் கிராணி.

கேட்டேன். நன்றாகத்தான் பேசினான். பங்களாவையும் லயத்தையும் அவன் மறக்கவில்லை என்பதே எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. இனி என்னிடம் வருவான் என்று காத்திருந்தேன்.

“படிக்க வர்ற பிள்ளைங்கள ஊர்க்காரங்க வாடகையாத்தான் பாக்குறாங்க. பிள்ளைங்க ஊர்க்காரங்கள கெழட்டுக் கூட்டம்னு பாக்குறாங்க. லீவு விட்டா ஊரே காலி. அந்த மாசத்துல தெருவுல நடந்தா வயசான அம்மாங்க ஜன்னல்கிட்ட ஒக்காந்து வெளிய பாத்துக்கிட்டு இருப்பாங்க. எனக்கு மனசு கேக்காது. அவங்க வீட்ல ரூமு சும்மா கெடக்கு. இந்தப் பக்கம் பிள்ளைங்களுக்கு ரூமு இல்ல. ஒரு வயசான அம்மா, ஒரு படிக்கிற பிள்ளை, ரெண்டு பேரையும் சேத்து வச்சாப் போதும். என் ஊர்ல எந்த வயசான அம்மாவும் தனியா ஒக்காந்து சாப்பிடக் கூடாது. இதத்தான் எல்லாக் கூட்டத்துலயும் சொல்றேன்.”

கிராணி தொடையைத் தட்டினார். “நல்ல யோசனை லா! இதுக்கே ஓட்டு விழும்.”

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் போன வருஷத்துக் காலண்டர் தொங்கியது. எனக்குக் கோபம் வந்தது, அதை ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்? அந்த ஊர்க் கிழவிகளுக்கெல்லாம் என் தம்பி ஆள் தேடித் தருகிறான். அவர்கள் என்ன, அவனுக்குச் சோறா ஊட்டினார்கள்? பிறகு, முதலில் ஊர்க் கதை சொல்கிறான், வீட்டுக் கதை கடைசியில் வரும் என்று மறுபடியும் என்னைத் தட்டிக் கொடுத்துக்கொண்டேன்.

கடைசியில் வந்தது இது.

“ஒரு கூட்டத்துல, ஒரு யூனிவர்சிட்டி ஊர எப்படி நடத்துவேன்னு கேட்டாங்க. அப்ப சொன்னேன். எங்க ஆளுங்க வீட்ட விட்டுக் கெளம்புறப்ப போறேன்னு சொல்ல மாட்டாங்க. போயிட்டு வரேன்னுதான் சொல்லுவாங்க. இங்க பிள்ளைங்க மூணு வருஷம், நாலு வருஷம் படிச்சிட்டுப் போயிடுறாங்க. போறப்ப இந்த ஊரப் பாத்து, போயிட்டு வரேன்னு சொல்லணும். அப்படிச் சொல்ற மாதிரி ஊர நடத்தணும். அவ்வளவுதான் என் கொள்கைன்னேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க அக்கா. இப்ப அதான் எங்க கட்சிப் பேச்சே.”

கை தட்டியிருப்பார்கள். நானும் அங்கே இருந்திருந்தால் தட்டியிருப்பேன். அந்த வார்த்தையை அவன் என்னிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான் என்பது அவர்களுக்குத் தெரியாதே.

“ரேடியோவுல எங்களுக்கு ஒரு நிமிஷம் தர்றாங்க. அந்த வார்த்தைய தமிழ்லயே போடலாம்னு இருக்கோம். நான் சொன்னா நாடகம் மாதிரி இருக்கு. நீங்க சொல்லிக் குடுங்க அக்கா. காலி கேசட் வச்சிருக்கேன். போயிட்டு வரேன், அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேணாம். ஒடம்பப் பாத்துக்குங்க. வச்சிடறேன்.”

கேசட் சும்மா ஓடியது. ஏதாவது விட்டுப்போனதைச் சொல்ல மறுபடி வருவானோ என்று கிராணியை நிறுத்த விடாமல் அது தீருகிறவரை கேட்டேன். உஸ்ஸென்ற சத்தம் மட்டும்தான் வந்தது.

கிராணிக்கோ ஒரே உற்சாகம். அப்போதே காலி கேசட்டைப் போட்டார். சிவப்புப் பொத்தானைக் காட்டி, “இது அமுங்குனா நீ பேசறது ஏறும். சொல்லு” என்றார்.

“போயிட்டு வரேன்” என்றேன்.

போட்டுக் காட்டினார். எனக்கே சகிக்கவில்லை.

“வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு லா. பாசாருக்குப் போறப்ப சொல்வியே, அது மாதிரி சும்மா சொல்லு.”

மறுபடியும் சொன்னேன். அதைவிட மோசம். மூன்றாம் தடவையும் அப்படியே.

“என்னா ரஞ்சிதம், தெனம் சொல்ற வார்த்ததானே?”

“யாருகிட்டங்கய்யா சொல்றேன்?” என்று கேட்டுவிட்டேன். “அப்பா செத்ததுலேருந்து நானே கதவ இழுத்துப் பூட்டிக்கிட்டுப் பெரட்டுக்குப் போறேன். பூட்டுகிட்டயா சொல்லுவேன்? அந்த வார்த்தைய சொல்லணும்ன்னா உள்ள ஒரு ஆளு இருக்கணும்.”

கிராணி நல்ல மனிதர். “நான் போய்த் தேத்தண்ணி கலக்குறேன். நீ தனியா இருந்தா வரும். தம்பி எதுக்க நிக்கிறாருன்னு நெனச்சிக்க. ரெண்டு பொத்தானையும் சேத்து அமுக்கு” என்று சொல்லி அடுப்படிக்குப் போனார்.

நான் நினைத்துக்கொண்டேன். கோட்டுப் போட்டவனை இல்லை, ஆயாக்கொட்டகை வாசலில் மூக்கு ஒழுக நிற்கிறவனைத்தான் நினைக்க முடிந்தது. அவனிடம் எனக்கு என்ன கூச்சம்? பொத்தானை அமுக்கினேன். தம்பி, அடுத்த தையோடு எனக்கு வேலை முடியுது, வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க, உன் ஊர்ல எனக்கும் ஒரு ரூமு இருக்குமா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவ்வளவும் உள்ளே முட்டிக்கொண்டு நின்றது. வெளியே வந்தது கொஞ்சம்தான்.

“தம்பி, வரட்டா?”

பொத்தானைத் தூக்கிவிட்டேன். கேட்டுவிட்டேன். அவ்வளவு நீளமாகச் சொல்ல நினைத்தது அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிப்போனது எனக்கே நன்றாக இருந்தது. வீடு போகிற கதையை அவனுக்கு நான் சொல்லவா வேண்டும்? அக்கா வரட்டா என்கிறாள். வா என்று சொல்ல எவ்வளவு நேரம்?

கிராணி இரண்டு டம்ளரோடு வந்து, “ஏறிச்சா? போட்டுப் பாக்கலாமா?” என்றார்.

“வேணாங்கய்யா, வெக்கமா இருக்கு” என்று கேசட்டை உருவி முந்தானையில் முடிந்துகொண்டேன். மறுநாள் அவரே உறையில் போட்டு ஒட்டி அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு நான் நடந்துகொண்டதை நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஆபீசிலிருந்து வந்தவள், வாசல் மிதிப்பதற்குள், தம்பியிடம் போகப்போகிறேன் என்று வேலம்மாவிடம் சொல்லிவிட்டேன். வேலம்மாவிடம் சொன்னால் லயத்துக்கே சொன்ன மாதிரி. மறுநாள் மலையில் கொழுந்தெடுக்கும்போது பக்கத்து நிரையிலிருந்து கேலி கிளம்பிவிட்டது. “மேயர் அக்கா, அங்க போயி ஆட்டுக்குத் தழ ஒடிப்பீங்களா?” “வெள்ளக்காரிக்கு நீங்கதான் மாமியாராமே?” நானும் சளைக்காமல் பதில் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் என்னைச் சுற்றி இவ்வளவு பேச்சு நடந்ததில்லை. சாயங்காலம் கதவைத் திறந்தால் வீடு பழையபடி கிடக்கும். ஆனால் அந்தத் தனிமையைக் கொஞ்ச நாளைக்குத்தானே என்று அப்போது தாங்கிக்கொள்ள முடிந்தது.

தானா ராத்தாவுக்குப் போய் போட்டோ பிடித்துக்கொண்டு வந்தேன், பாஸ்போர்ட்டுக்கு வேண்டுமே. படக்கடைக்காரன் சிரிக்கச் சொன்னான், எனக்குச் சிரிக்கச் சொன்னால் முறைக்கத்தான் வரும். ஆட்டுக்கல்லை வேலம்மாவுக்கே கொடுத்துவிட்டேன். கோழிகளையும் கொடுத்துவிட்டேன். கியா பார்ம் தவுக்கேக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். வேலம்மாவின் மூத்தவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, என் வீட்டை அவனுக்குக் கேட்டு ஆபீசில் பேர் கொடுத்திருந்தார்கள். அவன் வந்து அலமாரி எங்கே வைக்கலாம் என்று கயிறு போட்டு அளந்தான். நானே கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

தீபாவளி போய், கார்த்திகை விளக்கு வைக்கிற சமயத்தில் இரண்டாவது பார்சல் வந்தது. கிராணி ஆபீஸ் ஜன்னலிலிருந்தே கூவினார். “ரஞ்சிதம், தம்பி ஜெயிச்சிட்டாரு! மேயர் ஆயிட்டாரு!” உள்ளே பேப்பரில் வெட்டிய படம் ஒன்று இருந்தது. தம்பியின் கழுத்தில் மாடு கட்டுகிற மொத்தத்தில் ஒரு சங்கிலி. கூட ஒரு கேசட். இந்தத் தடவை கிராணி வீட்டில் உட்கார்ந்து கேட்க எனக்கு மனமில்லை. “வா” என்று அவன் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்காமல் அழ வேண்டும் போலிருந்தது. கேட்டதும் அவர் ரேடியோவையே கொடுத்தனுப்பினார். சாக்கில் சுற்றி, மழை படாமல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். கதவைச் சாத்திவிட்டு, சுவரோடு போட்டிருந்த பெட்டிமேல் வைத்துப் பொத்தானை அமுக்கினேன்.

“அக்கா! ஜெயிச்சாச்சு!”

சந்தோஷமான குரல். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. என் பிள்ளை ஜெயித்துவிட்டான்.

“எல்லாம் ஒங்க வார்த்தையாலதான் அக்கா. நான் போயிட்டு வரேன்னு கேட்டேன், நீங்க அதவிட நல்லதா அனுப்பிட்டீங்க. கேட்ட ஒடனே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. எப்படி மறந்தேன்? நம்ம லயத்துல எல்லாரும் அப்படித்தானே சொல்லிட்டுக் கெளம்புவாங்க, வரட்டான்னு. சின்ன வார்த்த, இவங்க வாய்ல சுளுவா நொழையுது. ரேடியோவுல ஒங்க கொரலு தெனம் வந்துச்சு. வரட்டா, அப்படின்னா ‘போகிறேன், ஆனால் திரும்பி வருவேன்’னு பின்னாலயே இங்கிலீஷ்ல சொன்னோம். இப்ப கடையில, பஸ்சுல, பிள்ளைங்க ஒண்ண ஒண்ணு பிரியறப்ப எல்லாம் அதத்தான் சொல்லுது.”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆமாம், வரட்டா. தினம் இந்த லயத்தில் பத்துப் பேர் சொல்லுகிற வார்த்தை. வேலம்மா என் வாசலில் உட்கார்ந்து ஊர் வம்பெல்லாம் பேசி முடித்து, முழங்காலைப் பிடித்து எழுந்து, “சரிடி, வரட்டா” என்றுதான் போவாள். தமிழில் வருவதற்கும் அதே வார்த்தை, போவதற்கும் அதே வார்த்தை. இது எனக்கு ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை? உன்னிடம் வந்துவிடட்டுமா என்று நான் கேட்டேன். நான் கிளம்பட்டுமா என்று அவன் காதில் விழுந்திருக்கிறது.

அவன்மேல் குற்றம் சொல்ல வழி இல்லை. அவன் கேட்டது விடைபெறுகிற வார்த்தை, நான் அனுப்பியதும் விடைபெறுகிற வார்த்தைதான். யாரிடம் போட்டுக் காட்டினாலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனாலும் வலித்தது. அக்கா எதற்காக என்னிடம் விடைபெற வேண்டும், அவள் எங்கே போகப்போகிறாள் என்று ஒரு தடவையாவது அவன் யோசித்திருக்கலாம். யோசித்திருந்தால் மறுபக்கம் புரிந்திருக்கும். அவனுக்கு அந்த நினைப்பே வரவில்லை. அக்கா என்றால் எப்போதும் அங்கேயே இருக்கிறவள்.

இன்னொரு கேசட்டில் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லி அனுப்பலாம். நான் கேட்டால் கிராணி மாட்டேன் என்றா சொல்வார்? அனுப்பினால் தம்பியும் கட்டாயம் வா என்பான், அவன் கல்நெஞ்சன் இல்லை. ஆனால் விளக்கிச் சொல்லி வாங்குகிற அழைப்பை வைத்துக்கொண்டு நான் அங்கே போய் எப்படி உட்காருவேன்? ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களில் இன்னொருத்தியாக உட்காரலாம். மேயர் எனக்கும் ஒரு படிக்கிற பிள்ளையைச் சேர்த்து வைப்பான். அந்த எண்ணம் வந்ததும் மனது மூடிக்கொண்டது. நாளைக்கே வேலம்மாவைக் கூட்டிக்கொண்டு கியா பார்ம் போய், தவுக்கே ஆள் எடுத்துவிட்டாரா என்று கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கேசட் ஓடிக்கொண்டே இருந்தது.

“ஜெயிச்ச அன்னிக்கு ராத்திரி டவுன் ஹால்ல ரிக்கார்டு பண்ணது இது, ஒங்களுக்காகத்தான். எல்லாரும் வீட்டுக்குக் கெளம்புறப்ப சொல்றாங்க, கேளுங்க.”

ஹாலில் ஒரே இரைச்சல். நாற்காலி இழுபடும் சத்தம், விசில், கை தட்டல். அதற்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத குரல்கள். ஆண்கள், பெண்கள், சின்னஞ்சிறுசுகள். நாக்கை மடிக்கத் தெரியாமல், ஆனால் சந்தோஷமாக, ஒரே குரலாக. “வராட்டா! வராட்டா! வராட்டா!”

நான் ஒருத்தி கேட்ட கேள்வியை ஓர் ஊரே சேர்ந்து என்னைத் திருப்பிக் கேட்டது. என் வீடு அவ்வளவு பேரைத் தாங்காது. தகரக் கூரை அதிர்ந்தது.

நடுச்சுவரை வேலம்மா தட்டினாள். எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் மொள்ளுவார்கள், அவ்வளவுதான் சுவர்.

“ரஞ்சிதம்! யாருடி அத்தன பேரு? இங்கயா வரட்டான்னு கேக்குறாங்க? ஒன் தம்பியும் வர்றாராடி?”

அவள் குரலில் அவ்வளவு ஆசை.

“இல்லடி. யாரும் வரல. எல்லாரும் கெளம்புறாங்க.”

“கெளம்புறாங்களா? அப்ப பதில் சொல்லுடி. இவ்வளவு பேரு தொண்ட கிழியக் கேக்குறாங்க, நீ பாட்டுக்கு ஊமையா ஒக்காந்திருக்க. நல்லாவா இருக்கு?”

அவள் சொல்வது சரிதான். கிளம்புகிறவர்கள் கேட்டால் வீட்டில் இருக்கிறவள் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் மெஷினைப் பார்த்தேன். கூட்டம் தேய்ந்து, ஒன்றிரண்டு குரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன.

“சரி, போயிட்டு வாங்க” என்றேன். தம்பிக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.